கொப்பியோடு நிற்பவர்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க நெறியாளர் ஸ்ரான்லி குப்ரிக்கிடம் நெடுங்காலம் உதவியாளராக இருந்த ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்தை அண்மையில் பார்த்தேன். பெரிய நடிகராக வந்திருக்கக்கூடியவர், இன்னொருவருடைய படங்களுக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்துவிட்டாரே என்று மனம் கனத்தது. இதைத் தொண்டு என்பதா, அடிமைத்தனம் என்பதா?
– வாசகி, விசுவமடு

நீங்கள் பார்த்தது லியோன் விற்றாலியைப் பற்றி 2017இல் வெளிவந்த படமாக இருக்கவேண்டும். 1975இல் குப்ரிக்கின் 'பரி லிண்டன்' படத்தில், தாய் மறுமணம் செய்துகொண்டவனை மனமார வெறுக்கும் மகனாக நடித்துப் பெயர் பெற்றவர் அவர். அந்த வயதில் அப்படியொரு வேடம் கிடைத்த எவரும் அடுத்த வேடத்தைத் தேடித்தான் போயிருப்பார்கள். இவரோ கமராவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அறிய ஆசைப்பட்டார். சில காலத்தின் பின் குப்ரிக் ஒரு நாவலை அனுப்பிவைத்து, அதைப் படமாக்கும் வேலையில் சேர்ந்துகொள்ளும்படி கேட்டார். அதுதான் 1980இல் வந்த 'த ஷைனிங்'.

அந்தப் படத்துக்கு ஒரு சிறுவன் தேவைப்பட்டபோது, அமெரிக்காவுக்குச் சென்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குள்ளிருந்து டானி லொயிட் என்ற பையனைத் தேடிப்பிடித்ததில் பெரும்பங்கு விற்றாலியுடையது. படப்பிடிப்பு முடியும்வரை அந்தப் பிள்ளையோடு கூடவே இருந்து, வசனம் சொல்லிக்கொடுத்து, தான் நடிப்பது பேய்ப்படம் என்பதே தெரியாதபடி அவனைப் பார்த்துக்கொண்டதை நான் பெரிய கலை என்றே சொல்வேன். ஒரே காட்சியைப் பத்துத் தரம், ஐம்பது தரம் என்று எடுத்துக்கொண்டே போகும் ஒரு நெறியாளருக்கும் களைத்துப்போன ஒரு குழந்தைக்கும் நடுவில் நிற்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது, பள்ளிக்கூட ஒளிவிழாவுக்கு நாடகம் பழக்கிய ஆசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அதே மனிதர், குப்ரிக்கின் நோயுற்ற பூனை சாகும் நாட்களில், வீட்டின் எந்த அறையில் இருந்தாலும் குப்ரிக் அதைப் பார்க்கும்படி வீடியோத் திரைகளைப் பொருத்திக்கொடுக்கவும் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. படத்துக்காகச் செய்ததையும் பூனைக்காகச் செய்ததையும் ஒரே தட்டில் வைத்துத் 'தொண்டு' என்று புகழ்ந்துவிட என்னால் முடியாது. 1999 மார்ச்சில் குப்ரிக் இறந்த பின்னரும், 2022இல் தான் கண்மூடும்வரை, அவருடைய படங்களின் பிரதிகள் நிறம் கெடாமல் இருக்கவேண்டும் என்று பாடுபட்டவர் விற்றாலி. அதை அடிமைத்தனம் என்றும் சொல்ல மனம் வரவில்லை. ஏவுவதற்கு அப்போது எசமானரே இல்லை. படிவங்களில் தொழில் என்ற இடத்தில் அவர் 'படத் தொழிலாளி' என்ற பொருள்படத்தான் எழுதுவாராம். நீங்கள் கேட்ட இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு நான் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் தொழிலாளி என்றால் கூலியும் ஓய்வும் பெயரும் கேட்கும் உரிமை உள்ளவர்.

உதவி நெறியாளர் என்பவர் தேநீர் கொண்டுவருபவர் என்றுதான் எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். உண்மையில் அவருடைய வேலை என்ன?
– வாசகர், துணுக்காய்

தேநீரும் கொண்டுவருவார். கூத்துக் களரியில் ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பதற்காக ஓரத்தில் ஒருவர் நிற்பாரே, பார்ப்பவர் கண்ணில் படாத அந்த மனிதரின் இடந்தான் இவருடைய இடமும். எந்தக் காட்சியில் யார் எந்தச் சட்டை அணிந்திருந்தார், குவளையில் தேநீர் எந்த அளவில் இருந்தது, வெயில் எந்தப் பக்கத்தால் விழுந்தது என்பதெல்லாம் ஒரு கொப்பியில் ஏறியாகவேண்டும்.

என் சொந்தக் கதையையே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு வயலில் எடுத்த குறும்படத்தில் கொப்பி என் கையில் இருந்தது. தகப்பனும் மகளும் வரம்பில் பேசிக்கொண்டு வரும் காட்சி பாதி முடிந்தபோது, கமராவின் பற்றறி இறங்கிவிட, மிகுதியை அடுத்த கிழமை எடுப்பதாகத் தீர்மானித்துக் கலைந்தோம். அடுத்த கிழமை போனால் வயலே இல்லை. காலபோக நெல்லை மெசின் வந்து அறுத்துவிட்டுப் போயிருந்தது. அடிக்கட்டைக்குள் நாலைந்து கொக்குகள் நின்றன. நடிகரின் சாரத்தில் எத்தனை கோடுகள் என்பதுவரை எழுதிவைத்திருந்த நான், வயற்காரரிடம் அறுவடைத் திகதியைக் கேட்க மறந்திருந்தேன். நெறியாளர் எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திட்டித் தீர்த்தார். திட்டியது நியாயம், திட்டிய சொற்கள் நியாயமல்ல. முழுக் காட்சியையும் வேறொரு குளக்கட்டில் வைத்துத் திரும்ப எடுத்தோம்.

ஜப்பானிய நெறியாளர் அகிரா குரோசவாவிடம் இந்தக் கொப்பி வேலையைச் செய்தவர் தெருயோ நொகாமி என்ற பெண்மணி. 1950இல் 'ராஷோமோன்' படத்தில் சேர்ந்தவர், 1993இல் வந்த குரோசவாவின் கடைசிப் படத்திலும் கூட இருந்தார்.

தமிழ்ப்பட உலகில் இப்படி ஆயுள் முழுவதும் உதவியாளராகவே இருந்தவர்களைப் பற்றி ஏன் அதிகம் கேள்விப்படுவதில்லை?
– வாசகர், முள்ளியவளை

அங்கே உதவியாளர் என்பது ஒரு படிக்கட்டு. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திராவிடம் வேலை பழகிய பாலாவும் வெற்றிமாறனும் பின்னர் தத்தம் பெயரில் படம் எடுத்தார்கள். அவருடைய பெருமையில் ஒரு பங்கு அவர்களால் வந்தது. ஏறாமல் படியிலேயே நின்றவரைத் தோற்றவர் என்று எண்ணுவது நமது பழக்கம். அதனால்தான் விற்றாலியைக் கண்டதும் நமக்கு இரக்கம் முந்திக்கொள்கிறது, அவருடைய வேலை பிந்திவிடுகிறது.

என் தம்பி இரண்டு வருடமாக ஒரு குறும்பட நெறியாளரோடு திரிகிறான். சம்பளம் இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் தொலைபேசி வரும். "அண்ணை இல்லாவிட்டால் நான் இல்லை" என்கிறான். அம்மா அழுகிறா. அவனை மறிப்பதா, விடுவதா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது சம்பளம் இல்லை என்பதல்ல. வன்னியில் குறும்படம் எடுக்கும் பலர் கடன்பட்டும், வெளிநாட்டிலிருக்கும் உறவினர் அனுப்பும் காசிலும்தான் எடுக்கிறார்கள். நெறியாளரின் சட்டைப்பையும் வெறுமையாக இருக்கக்கூடும். அப்படியானால் அதைத் தம்பியிடம் வெளிப்படையாகச் சொல்லி, போக்குவரத்துச் செலவையும் சாப்பாட்டையும் பொறுப்பேற்று, படத்தின் தொடக்கத்தில் அவனுடைய பெயரைப் போடுவதற்கு அவருக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. இரண்டு வருடத்தில் வந்த படங்களில் அவன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். 'நன்றி' என்ற பட்டியலின் அடியில், சாப்பாடு சமைத்துத் தந்தவர்களோடு சேர்த்துப் போட்டிருந்தால் அது போதாது.

மறிப்பதற்கு முன் இன்னொன்றும் செய்யுங்கள். இரவில் அவனுடைய கொப்பியை வாங்கி, பக்கம் பக்கமாகப் பாருங்கள். காட்சி எண்ணும், வெயிலின் திசையும், நடிகர் நின்ற இடமும், ஏன் இப்படி எடுத்தோம் என்ற அவனுடைய சொந்தக் குறிப்பும் இருந்தால், அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு இன்னும் ஒரு வருடம் பொறுங்கள். மாறாக, நெறியாளர் வீட்டு மின்சாரப் பட்டியல் கட்டவேண்டிய திகதியும், அவருடைய மோட்டார் சைக்கிளைக் கழுவவேண்டிய நாளும் அதில் இருந்தால், மறியுங்கள்.