குளிர்காலக் காய்கறி நாற்றுகள் ஏன் முளைத்ததும் சாய்கின்றன?

கேள்வி: துணை வெப்பமண்டலப் பகுதியில் வசிக்கிறேன். கோடை முடிந்த கையோடு காலிஃபிளவர், கேரட், பீட்ரூட், லெட்டூஸ் விதைகளை வாங்கி வீட்டுத் தோட்டத்தில் விதைத்தேன். லெட்டூஸ் ஒன்றுகூட முளைக்கவில்லை. கேரட் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டியது. காலிஃபிளவர் நன்றாக முளைத்தது, ஆனால் ஒரே வாரத்தில் நாற்றுகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்துவிட்டன. தப்பிய நான்கைந்து செடிகளும் எலுமிச்சை அளவுக்குப் பூ வைத்து அதோடு நின்றுவிட்டன. விதை விற்றவர் என் மண்ணைக் குறை சொல்கிறார். வீட்டில் இருப்பவர்கள் விதையே போலி என்கிறார்கள். இந்த முறை நாற்றாகவே வாங்கிவிடலாமா? மீதமிருக்கும் விதைகளை என்ன செய்வது?

பதில்: நாற்று வாங்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் ஒரே தோல்வியாகக் கருதுவது உண்மையில் நான்கு தனித்தனிக் கோளாறுகள். லெட்டூஸைத் தடுத்தது வெப்பம், கேரட்டைக் கெடுத்தது வறட்சி, காலிஃபிளவர் நாற்றைச் சாய்த்தது ஈரம். கடைசியில் வந்த அந்த எலுமிச்சை அளவுப் பூவில் மட்டும்தான் விற்றவருக்குப் பங்கு இருக்க வாய்ப்பு உண்டு.

லெட்டூஸ் விதைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அது நனைந்திருக்கும் வேளையில் மண்ணின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பெரும்பாலான ரகங்கள் முளைக்க மறுத்து உறங்கிப்போகும். விதை செத்துவிடுவதில்லை, நல்ல காலம் வரட்டும் என்று காத்திருக்கிறது, அவ்வளவுதான். காற்றின் வெப்பத்தைப் பார்த்து மண்ணைக் கணிப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. நிழலில் 30 டிகிரி இருக்கும் நாளில், வெயில் நேராக விழும் கரிய மண்ணின் மேற்பரப்பு 40 டிகிரியைத் தாண்டிச் சுடுவது சாதாரணம். ஆகவே விதைத்தட்டை முளை வரும் வரை நல்ல நிழலில், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். விதையை மண்ணுக்குள் புதைக்காமல் மேலே தூவி லேசாக அழுத்திவிடுவது போதும், ஏனெனில் பல லெட்டூஸ் ரகங்கள் வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். பச்சை தெரிந்த அன்றே தட்டை வெளிச்சத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால்கூடத் தண்டு நீண்டு மெலிந்துவிடும்.

எப்போது விதைப்பது என்பதற்குப் பொட்டலத்தின் முதுகைப் பார்க்காதீர்கள். கடுங்குளிர் நாடுகளுக்காக அச்சடித்த பொட்டலங்கள் 'வசந்தத்தில் விதைக்கவும்' என்று சொல்லும். அந்தச் சொல்லை நம்பி நம் பருவநிலையில் விதைத்தால், செடி வளரும் நேரத்தில் கோடை வந்து அதை வாட்டி எடுத்துவிடும். நமக்கு இந்தக் காய்கறிகளின் தொடக்கம் கோடையின் முடிவில்தான் வருகிறது. வட அரைக்கோளத்தில் செப்டம்பர் பிற்பகுதி முதல் நவம்பர் வரை, தென் அரைக்கோளத்தில் மார்ச் பிற்பகுதி முதல் மே வரை என்று பொதுவாகச் சொல்லலாம். நாட்காட்டியைக் காட்டிலும் வெப்பமானி நம்பகமானது: இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கி, பகல் 30 டிகிரிக்கு மேல் போகாத நாட்கள் ஒரு வாரம் தொடர்ந்து வந்தால் விதைக்கத் தொடங்குங்கள். நீங்கள் கோடை முடிந்த கையோடு விதைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையை இன்னும் மூன்று வாரம் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

நாற்று சாய்ந்த கதைக்கு வருவோம். அடுத்த முறை அப்படிச் சாய்ந்தால் ஒன்றைப் பிடுங்கி, அது மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். மேலே இலை பசுமையாகவே இருக்கும், கீழே வேரும் வெள்ளையாக இருக்கலாம். நடுவில் மண்மட்டத்தில் மட்டும் தண்டு நீர்கோத்து, பழுப்பேறி, நூல்போல் இளைத்திருக்கும். இதுதான் நாற்றழுகல் நோய். மண்ணிலேயே வாழும் சில பூஞ்சைகள் இதற்குக் காரணம். அவற்றில் சில உண்மையான பூஞ்சைகளே அல்ல என்று வகைப்பாட்டியல் அறிஞர்கள் சண்டைக்கு வருவார்கள். நாற்றைக் காப்பாற்ற அந்த வழக்கு தேவையில்லை. பழைய தொட்டி மண்ணை அப்படியே பயன்படுத்துவது, விதையை நெருக்கமாகக் கொட்டுவது, மாலையில் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க மேல்மண்ணை ஈரமாக விடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்த நோய் வராமல் இருப்பதுதான் அதிசயம். ஒரு கிராம் காலிஃபிளவரில் ஏறத்தாழ 300 விதைகள் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு அதில் இருபது போதும், ஆனால் பொட்டலத்தைத் திறந்தவர் முழுவதையும் ஒரே தட்டில் கொட்டாமல் விடுவதில்லை.

குழித்தட்டில் ஒரு குழிக்கு இரண்டு விதை போட்டு, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் மூடி, காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். மேல்மண் சற்று வெளிறிய பிறகே அடுத்த தெளிப்பு. புதிய நாற்றுக் கலவையைப் பயன்படுத்துங்கள், பழைய மண்ணைத்தான் பயன்படுத்துவேன் என்றால் கோடையிலேயே அதை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இறுக மூடி, நான்கு முதல் ஆறு வாரம் கடும் வெயிலில் கிடத்துங்கள். நாற்று சாய ஆரம்பித்த பிறகு மருந்து ஊற்றுவதால் சாய்ந்தது எழாது. ஆனால் கடைக்குப் போய் 'நாற்று சாய்கிறது' என்று சொன்னால் ஒரு புட்டியைக் கையில் கொடுக்காமல் யாரும் அனுப்புவதில்லை. தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்குபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். கழுவப்படாத நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும், முளை வந்த சில நாளில் இலை விளிம்பு கருகும், பழி மறுபடியும் விதை மேல் விழும். ஊறவைத்த நீரை இரண்டு மூன்று முறை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

கேரட்டுக்கு நேர் எதிரான சிக்கல். அது முளைத்து வெளியே வரப் பத்து முதல் பதினைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் மேல்மண் ஒரே ஒரு மதியம் காய்ந்து ஓடுகட்டினாலும், முளைவிட்ட விதை உள்ளேயே மடிந்துவிடும். விதைத்த பாத்தியின் மேல் நனைத்த சாக்கை விரித்து வையுங்கள். ஆறாம் நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, முதல் வெள்ளை முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள். கேரட்டை நிரந்தரமாக வளரும் இடத்திலேயே விதைக்க வேண்டும். நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் முறிந்து, கிழங்கு இரண்டு கால் மூன்று கால் முளைத்த பொம்மைபோல் வரும். வேர்க்காய்கறிகள் பெரும்பாலானவற்றுக்கும் இதே விதிதான்.

பீட்ரூட் அதற்கு விலக்கு. இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் 'வேர்க்காயை நாற்றுவிடக் கூடாது' என்று படித்தவர்கள் பீட்ரூட்டையும் நேரடியாக விதைத்து, எறும்புக்கும் குருவிக்கும் பாதியைப் பறிகொடுக்கிறார்கள். பீட்ரூட்டில் நாம் உண்ணும் உருண்டையின் பெரும்பகுதி, விதையிலைக்குக் கீழே உள்ள தண்டுப் பகுதியும் வேரின் மேல் முனையும் பருத்து உருவாவது. கேரட்டில் நடப்பதுபோல் ஆழத்தில் இறங்கும் வேர் முழுவதும் இதில் காயாவதில்லை. எனவே குழித்தட்டில் வளர்த்து, விதையிலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று நிஜ இலை வந்ததும் மண்கட்டியோடு எடுத்து, நுனிவேர் மடங்காமல் நட்டால் அது பழுதில்லாமல் பருக்கும். இன்னொரு விசேஷமும் உண்டு: பீட்ரூட் விதை என்று நாம் விதைக்கும் அந்தச் சொரசொரப்பான உருண்டை ஒற்றை விதை அல்ல, பல விதைகள் ஒட்டிய கொத்து. ஒரு கொத்திலிருந்து இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு நாற்றுகள் வரும். அவற்றில் வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்குங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து வந்துவிடும். ஒற்றை நாற்று மட்டும் தரும் ரகங்களும் உண்டு, அவற்றுக்கு இந்தக் கத்தரிப்பு வேலை இல்லை. விதைக்குமுன் கொத்துகளை ஓர் இரவு ஊறவைத்து, நீரை வடித்து ஒருமுறை அலசிவிட்டால், மேலோட்டில் உள்ள முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் கரைந்து போகும்.

இனி அந்த எலுமிச்சை அளவுப் பூ. காலிஃபிளவரில் முன்பருவ ரகம், இடைப்பருவ ரகம், பின்பருவ ரகம் என்று வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கான வெப்பநிலை வந்தால்தான் பூ கட்டும். முன்பருவ ரகங்கள் 20 டிகிரிக்கு மேலும் பூ கட்டிவிடும். பின்பருவ ரகங்களுக்கு ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி வரையிலான குளிர் வேண்டும். முன்பருவ ரகத்தைத் தாமதமாக விதைத்தால், செடி உடம்பு வளர்க்கும் முன்பே குளிர் வந்து பூ வைக்கச் சொல்லிவிடும். நான்கு இலைக்கு நடுவே ஒரு பொத்தான் பூ உட்கார்ந்திருக்கும். பின்பருவ ரகத்தைச் சீக்கிரம் விதைத்தால் இலை மட்டும் குடைபோல் விரிந்துகொண்டே போகும், பூ வராது. உங்கள் பொட்டலத்தில் 'காலிஃபிளவர், வீரிய ஒட்டு' என்பதற்கு மேல் எதுவும் எழுதியிருக்காது என்று பந்தயம் கட்டுவேன். எந்தப் பருவத்துக்கான ரகம் என்று எழுதாமல், பனிபோல் வெளுத்த பூவின் படத்தை மட்டும் பெரிதாக அச்சடிப்பது விற்பனைத் தந்திரம். பல ஆண்டுகளுக்கு முன் நானே ஒருவரிடம் 'பின்பருவ ரகம்' என்று வாய்ச்சொல்லை நம்பி வாங்கி, பருவத்தின் நடுவில் ஒரு பாத்தி நிறையப் பொத்தான்களை அறுவடை செய்தவன். கேட்கப் போனபோது என் மண்ணைத்தான் அவரும் குறை சொன்னார்.

பொத்தான் பூவுக்கு வயதான நாற்று இன்னொரு காரணம், தழைச்சத்துக் குறைவும் அதற்குத் துணைபோகும். நாற்று வாங்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னது இதனால்தான். காலிஃபிளவர் நாற்று நான்கு முதல் ஐந்து வார வயதில் நடப்பட வேண்டும். விற்பனைக்கு வரும் தட்டுகளில் எட்டு வாரம் ஆனவையும் கலந்திருக்கும். வாங்குபவர் உயரமான, தண்டு தடித்த நாற்றைத்தான் ஆசையோடு எடுப்பார் என்பது விற்பவருக்குத் தெரியும். குழியிலிருந்து நாற்றை உருவிப் பாருங்கள்: வேர் மண்ணைச் சுற்றிச் சுற்றிப் பாய்போல் முடைந்திருந்தால், தண்டின் அடி மரம்போல் கெட்டிப்பட்டிருந்தால், அந்தச் செடி எப்படி நட்டாலும் நல்ல பூ தராது. இடைத்தரகர் கைக்கு வந்த நாற்றுக்கு ரகப் பெயரும் கிடையாது, விதைத்த தேதியும் கிடையாது.

'விதை போலியா' என்ற கேள்விக்கு உங்கள் சமையலறையிலேயே விடை இருக்கிறது. இருபது விதைகளை எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, மூடிய டப்பாவில் நிழலில் வையுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் என்றால் ஒரு வாரம், கேரட் என்றால் இரண்டு வாரம். இருபதில் பதினான்கு காலிஃபிளவர் முளைத்தால் விதையைக் குறை சொல்ல முடியாது. கேரட்டில் பன்னிரண்டு வந்தாலே போதும். பல நாடுகளின் விதைத் தரவிதிகள் கேரட்டுக்குக் கேட்கும் குறைந்தபட்ச முளைப்புத் திறன் 55 முதல் 65 விழுக்காடுதான்.

பொட்டலத்தில் பார்க்க வேண்டியது முளைப்புச் சோதனை செய்த தேதி. 'பொதிந்த தேதி' என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்பாதீர்கள். மூட்டையில் மூன்று ஆண்டு கிடந்த விதையை நேற்றுப் பொட்டலம் போட்டாலும் பொதிந்த தேதி நேற்றுதான். சோதனைத் தேதி, முளைப்புத் திறன், ரகப் பெயர், தொகுதி எண் ஆகியவற்றைச் சீட்டில் அச்சிடச் சொல்லும் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதிகாரிகள் சோதனைக்கு எடுப்பது வயலுக்குப் போகும் மூட்டைகளை. வீட்டுத் தோட்டக்காரரின் ஐந்து கிராம் பொட்டலத்தை யார் சீண்டுகிறார்கள்? புகார் கொடுத்தால் பொட்டலமும் ரசீதும் மீதி விதையும் கேட்பார்கள், பொட்டலத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு விதைப்பதே நம் வழக்கம். ஆகவே பொட்டலத்தின் மேல்முனையை மட்டும் வெட்டுங்கள், சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடைக்காரர் பெரிய டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளித் தரும் விதையை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் பூசிய விதை பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி தடவியது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விதைத்ததும் கையைக் கழுவுங்கள்.

மீதமிருப்பவற்றில் காலிஃபிளவர், பீட்ரூட் விதைகள் நன்றாகக் காப்பாற்றினால் நான்கு ஆண்டு வரை தாங்கும், கேரட் மூன்று ஆண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தாலும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதை அறிவியலின் பழைய கணக்கு. பொட்டலங்களைச் சிலிக்கா ஜெல் பையோடு கண்ணாடிக் குப்பியில் இட்டு இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் குப்பியைத் திறந்துவிடாதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வரும் வரை சில மணி நேரம் மூடியபடியே விட்டுவைத்தால்தான் உள்ளே இருக்கும் விதையின் மேல் ஈரம் படியாது. லெட்டூஸை எறிந்துவிடாதீர்கள், முளைக்காமல் போனது அதன் குற்றம் அல்ல. குளிர் வந்ததும் அதே பொட்டலத்திலிருந்து இருபது விதையை ஈரத்துணியில் போட்டுப் பாருங்கள்.