புது லாடம் கட்டிய குதிரை: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: சவாரிக்காக எட்டு வயதுக் குதிரை ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். போன வாரம்தான் நாலு காலுக்கும் புது லாடம் கட்டியதாகவும், குளம்பைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றும் விற்பவர் சொல்கிறார். குளம்புகள் எண்ணெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன. எனக்குச் சவாரி தெரியும், லாட விஷயம் தெரியாது. எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: புது லாடத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஆறேழு வாரம் தேய்ந்த பழைய லாடமாக இருந்திருந்தால் நிறைய சொல்லியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் கால் சமமாக ஊன்றவில்லை என்று அர்த்தம். நுனி மட்டும் மழுங்கியிருந்தால் குதிகாலை ஊன்ற வலிக்கிறதோ என்று சந்தேகப்படலாம். மறைப்பதற்காகத்தான் மாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிக் குளம்பைச் சீவித்தான் ஆக வேண்டும். கழற்றிய லாடங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். லாயத்தில் எங்காவது கிடக்கும்.

லாடத்தை மாற்றலாம், குளம்பை ஒரே வாரத்தில் மாற்ற முடியாது. அது மாதத்துக்கு ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும். மேலே மயிர் முடியும் இடத்தில் உருவாகும் சுவர், அதாவது குளம்பின் கெட்டியான வெளி ஓடு, முன்நுனிக்கு இறங்கிவர 9 மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும். அதனால் ஒரு வருடக் கதை அங்கேயே இருக்கிறது. முதலில் அந்த எண்ணெயைக் கழுவித் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

இப்போது பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சுவரில் வளையங்கள் தெரியும். முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் ஓடினால் தீவனமோ பருவமோ மாறியதன் அடையாளம், விட்டுவிடலாம். முன்பக்கம் நெருக்கமாகவும் குதிகால் பக்கம் அகலமாகவும் விரிந்தால் லேமினைடிஸ் வந்திருக்கலாம். குளம்புக்குள் இருக்கும் எலும்பைச் சுவரோடு பிணைத்திருக்கும் திசு மடிப்புகள் பழுதாகும் நோய் அது. முற்றினால் எலும்பே இடம் மாறிக் கீழ்நோக்கிச் சாயும். ஒருமுறை வந்த குதிரைக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். இப்படி வளையம் கண்டால், எக்ஸ்ரே பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

வெடிப்புகளில் இரண்டு விதம். தரையோரத்தில் தொடங்கி மேலே ஏறும் சின்ன வெடிப்பு பெரும்பாலும் சீவுவதைத் தள்ளிப்போட்டதால் வருவது. மயிர் ஓரத்தில் தொடங்கிக் கீழே இறங்கும் வெடிப்பு என்றால் சுவர் உருவாகும் இடத்திலேயே கோளாறு. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்புறம் சரிவு. குளம்புக்கு மேலே உள்ள கணுப்பகுதியின் சரிவும் குளம்பின் முன்பக்கச் சரிவும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வர வேண்டும். நுனி நீண்டு குதிகால் தாழ்ந்திருந்தால் கோடு உடைந்து தெரியும். தசைநாண்களுக்குச் சுமை கூடும். இது விவரம் தெரிந்த லாடக்காரர் கையில் மெல்ல மெல்லத் திருந்தக்கூடிய குறைதான். இரண்டு முன்குளம்புகளையும் எதிரே நின்று ஒப்பிடுங்கள். ஒன்று குறுகி நிமிர்ந்தும் மற்றது அகன்றும் இருந்தால் குறுகிய காலில் எடை குறைவாக விழுகிறதா என்று விசாரிக்க வேண்டும்.

லாடத்தில் பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். அது குளம்பின் விளிம்போடு பொருந்திக் குதிகால் வரை தாங்க வேண்டும். மடக்கிய ஆணி முனைகள் ஏறக்குறைய ஒரே வரிசையில், தடவினால் கையைக் கீறாமல் இருக்க வேண்டும். லாடத்துக்கு ஏற்றபடி குளம்பின் முன்பக்கத்தை அரத்தால் ராவியிருந்தால் வேலை மட்டம். லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவே தோலோ பிளாஸ்டிக்கோ வைத்திருந்தால் எதற்கு என்று கேளுங்கள். அடிப்பாகத்தை அது மறைக்கிறது.

காலைத் தூக்கி மூக்குக்கும் வேலை கொடுங்கள். அடியில் ரப்பர் போல முக்கோணமாக இருக்கும் பகுதியின் பள்ளங்களில் கருப்புக் கசிவும் கெட்ட நாற்றமும் இருந்தால் அழுகல் பிடித்திருக்கிறது. பெரும்பாலும் சுத்தம் செய்து காயவைத்தால் குணமாகும், ஆனால் பராமரிப்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

கடைசியாக, கெட்டியான சமதரையில் தளர்ந்த கயிற்றோடு ஓடவிட்டுப் பாருங்கள். மெத்தென்ற மண்ணில் அடிப்பாக வலி வெளியே தெரியாது. முன்கால் நொண்டினால், வலிக்கும் கால் ஊன்றும்போது தலை மேலே போகும். வலி மருந்து கொடுத்து அழைத்து வந்தால் இதுவும் ஏமாற்றும். அதனால் நீங்களே தேர்ந்தெடுத்த கால்நடை மருத்துவரைக் கொண்டு குளம்பை இடுக்கியால் அழுத்திப் பார்க்கச் சொல்லி, ரத்த மாதிரியும் எடுத்து வையுங்கள். விற்பவரின் மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, அவர் வேண்டாம்.

கேள்வி: லாடமே தேவைப்படாத அளவுக்குக் குளம்பு பலம் என்கிறார் இன்னொருவர். நம்பலாமா?

பதில்: அப்படியும் குதிரைகள் உண்டு. ஆனால் சுவரின் கீழ்ப்பகுதியில் ஆணித் துளைகள் இருந்தால் லாடத்தைச் சமீபத்தில்தான் கழற்றியிருக்கிறார்கள், காரணம் கேளுங்கள். சரளைக்கல் பாதையில் நடக்கவிட்டால் மிச்சம் தெரிந்துவிடும்.

கேள்வி: குதிரையை வாங்கிய மூன்றாம் நாளே நொண்டுகிறது. புது லாடம் பழகினால் சரியாகிவிடும் என்கிறார் விற்றவர்.

பதில்: ஒழுங்காகக் கட்டிய லாடம் நொண்ட வைக்காது. ஆணி உள்ளே உணர்வுள்ள திசுவை நெருக்கியிருக்கலாம், குத்தியும் இருக்கலாம். விட்டுவைத்தால் சீழ் கட்டும். அந்தக் குளம்பு மற்றவற்றைவிடச் சூடாக இருக்கிறதா என்று கை வைத்துப் பாருங்கள். சவாரியை நிறுத்திவிட்டு இன்றைக்கே மருத்துவரையும் லாடக்காரரையும் அழையுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். லாடத்தைக் கழற்றுவதற்கு முன்னால் குதிரை நடப்பதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆணி, எந்த இடம் என்று மருத்துவரிடம் தேதியோடு எழுதி வாங்கி, விற்றவருக்கு எழுத்திலேயே அனுப்புங்கள். போனில் பேசியது பேச்சோடு போய்விடும்.