பாருஸில் தமிழ்க் கல்வெட்டு

கேள்வி: இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் தமிழ்க் கல்வெட்டு கிடைத்ததாமே! தமிழ் வணிகர்கள் அங்கே எதைத் தேடிப் போனார்கள்?

பதில்: முதன்மையாகக் கற்பூரத்தை. மாகாணத் தலைநகர் மேடான், மலாக்கா நீரிணைப் பக்கம் இருக்கிறது. கல்வெட்டு கிடைத்த பாருஸ் என்ற பழைய துறைமுக ஊர் இருப்பதோ எதிர்ப்புறம், இந்தியப் பெருங்கடலைப் பார்த்த மேற்குக் கரையில். அதன் பின்னே எழும் பாரிசான் மலைக்காடுகளில் பத்தாக் மக்கள் கற்பூர மரம் வெட்டினார்கள். ஐம்பது, அறுபது மீட்டர்கூட உயரும் மரம் அது. கற்பூரம் அடிமரத்தின் உள்வெடிப்புகளில் படிகமாக உறையும். வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வெட்டிப் பிளக்க வேண்டும். பல மரங்களில் ஒன்றுமே இராது. கற்பூரத்தின் உயர்ந்த விலைக்கு இதுதான் காரணம்.

பாருஸை அடுத்த லோபு துவாவில் கிடைத்த கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088, மாசி மாதத்தைச் சேர்ந்தது. பொறித்தவர்கள் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. மரக்கல நாயன் (கப்பல் தலைவன்) முதலானோர் கஸ்தூரி விலையை ஒட்டிப் பொன்னாகக் கட்டணம் செலுத்திய பிறகே விரித்த பாவாடையில் (தரையில் விரிக்கும் துணியில்) கால் வைக்கலாம் என்கிறது அது. ஊர்ப்பெருமையைவிட இந்த வரி விதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: அங்கே ஒழுங்கான துறைமுக நிர்வாகமே நடந்திருக்கிறது.

மேடானில் 1884இல் எழுந்த மாரியம்மன் கோயில் வேறு கதை. அது மேடானைச் சுற்றிய டெலி பகுதித் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர் காலத்தது.