திருகோணமலைப் பாறைகளில் அம்மோனைட்டு கிடைக்குமா?

அம்மோனைட்டு என்பது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரி. அதன் கல்லான ஓட்டைக் கோணேசர் மலையிலோ உப்புவெளியிலோ தேடினால் கிடைக்காது. இங்குள்ள அடிப்பாறைகள் உருமாறியவை. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து மறுபடிகமானவை. அந்த வெப்பத்தில் எந்த ஓடும் தப்பாது. அம்மோனைட்டுகள் தோன்றியதே அதற்கு வெகுகாலம் பின்னர்.

கரையில் பொறுக்கும் முருகைக்கல்லை உயிர்ச்சுவடு (புதைபடிவம்) என்று நம்பி ஏமாறுவோர் பலர். வினாகிரி விட்டால் நுரைக்கும்தான். ஆனால் நேற்று ஒதுங்கிய சிப்பியும் அப்படியே நுரைக்கும். அது சுண்ணாம்பைக் காட்டுமே தவிர வயதைக் காட்டாது. புறாமலை தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலக் கடலில் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்) படிந்தது. அதில் முருகையும் துளையுடலிகள் எனும் ஓடுள்ள நுண்ணுயிரிகளும் உண்டு, அம்மோனைட்டு இல்லை. அவை அதற்குள் அழிந்துவிட்டன. அம்மோனைட்டு வேண்டுமென்றால் பாக்கு நீரிணைக்கு அப்பால் அரியலூருக்குத்தான் போகவேண்டும். கொண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்தபோது உருவான காவிரிப் படுகைக்குள் கடல் புகுந்த தடம் அது. இன்று அங்கே கடலே இல்லை.

அம்மோனைட்டுகளை முடித்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவைப் படிக்க, பாறை அடுக்குகளைக் கீழிருந்து மேலாக அளந்து, ஒவ்வோர் இனமும் கடைசியாகத் தென்படும் உயரத்தைக் குறிக்க வேண்டும். இதில்தான் பிழை வரும். அரிதான இனத்தின் கடைசி ஓடு நம் கையில் அகப்படாமல் போகலாம். அப்போது திடீர் அழிவும் படிப்படியானதாகத் தோன்றும். அதனால் ஒரே ஒரு சிப்பி ஓட்டை மட்டும் நம்பி முடிவு சொல்லக்கூடாது.