ஒரு பட்டனுக்குப் பதினான்கு தடவையா?

கேள்வி: ஃபிக்மாவில் ஏலக்காய்க் கடைகளுக்கு வெப்சைட் டிசைன் செய்கிறேன். ஒரு கடைக்காரர் பட்டன் நிறத்தை மாற்றச் சொன்னார், பதினான்கு இடத்தில் தனித்தனியாக மாற்றினேன். வேறு வழி இல்லையா?
– வாசகர், குமுளி

பதில்: இருக்கிறது, காம்போனன்ட். பட்டனைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஆல்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், அது தாய் ஆகிவிடும். அதை காப்பி எடுத்துப் போடுவதெல்லாம் பிள்ளைகள், தாயின் நிறத்தை மாற்றினால் எல்லாம் மாறும், ஆனால் பிள்ளையில் நீங்கள் மாற்றி எழுதிய வாசகம் அப்படியே நிற்கும். உங்கள் ஊருக்கு அதுதானே வேண்டும், ஒரே பட்டனில் தமிழும் மலையாளமும் மாறி மாறி வரும். ('வாங்க' என்று மட்டும் போடாதீர்கள், வரவேற்பா விற்பனையா என்று தெரியாது.) மலையாள வாசகம் நீளமாகி பட்டனைத் தாண்டுகிறதா? காம்போனன்ட் ஆக்கும் முன்பே ஷிஃப்ட், ஏ அழுத்தி 2019-ல் வந்த ஆட்டோ லேஅவுட்டைப் போட்டுவிட்டால், எழுத்துக்கேற்ப பட்டனே அகலும். அப்புறம், தலைப்புப் பட்டை, பொருள் அட்டை, அடிப்பகுதி மூன்றையும் இதேபோல் செய்து வையுங்கள், டெம்ப்ளேட்டில் முக்கால்வாசி முடிந்தது. ஒன்று மட்டும், அவசரத்தில் பிள்ளையை டிடாச் செய்துவிடாதீர்கள், அதாவது தாயிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். நான் ஒருமுறை செய்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் ஏன் பழைய பச்சையிலேயே நிற்கிறது என்று ராத்திரி முழுக்கத் தேடினேன்.