தாத்தா ரேடியோவில் பேசினாரே, அந்தக் குரல் கிடைக்குமா?

கேள்வி: என் தாத்தா குத்தாலம் பக்கத்து விவசாயி. 1967 வாக்கில் திருச்சி வானொலியில் ஆடுதுறை 27 நெல் பற்றிப் பேசினார் என்று அம்மா சொல்வார். அந்த ஒலிப்பதிவு வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: முதலில் தேதியைப் பிடியுங்கள். வானொலி நிலையத்துப் பதிவேடுகளெல்லாம் ஒலிபரப்பான நாள் கணக்கில்தான் ஓடும். ‘67 வாக்கில்’ என்று எழுதினால் உங்கள் கடிதம் கோப்பிலேயே தூங்கிவிடும்.

நெல்லின் பெயரே உங்களுக்குப் பாதி வழி காட்டுகிறது. ஆடுதுறை 27 சுமார் 105 நாள் வயதுள்ள குறுவை ரகம். வானொலி சொல்லிச் சொல்லியே பரவியதால் தஞ்சைப் பக்கம் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. வேளாண் பேச்சுகளைப் பருவம் பார்த்துத்தான் போடுவார்கள். நாற்றங்கால், விதை நேர்த்தி பற்றிப் பேசியிருந்தால் மேட்டூர் திறப்பை ஒட்டிய மே, ஜூன். விளைச்சல் அனுபவம் என்றால் அறுவடைக்குப் பிந்தைய மாதங்கள். தாத்தா என்ன சொன்னார் என்று அம்மாவிடம் கிளறிக் கேளுங்கள். ஒரு வருடம் இரண்டு மாதமாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது, ‘வானொலி’ இதழ். அகில இந்திய வானொலி தமிழில் நடத்திய நிகழ்ச்சி இதழ் அது. எந்த நாள், எந்த நேரம், என்ன தலைப்பு, யார் பேச்சு என்று அதில் அச்சாகும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா போன்ற இடங்களில் அந்த வருடத்து இதழ்கள் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். விவசாயிகள் பேட்டியாக இருந்தால் பெயர் இல்லாமல் நிகழ்ச்சித் தலைப்பு மட்டும் இருக்கலாம், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

வீட்டுப் பெட்டியையும் கவிழ்த்துப் பாருங்கள். பேச வருபவருக்கு நிலையம் ஒப்பந்தக் கடிதம் அனுப்பும். தேதியும் நேரமும் சன்மானமும் அதில் இருக்கும். பட்டா, ரசீதுக் கட்டுக்குள் அது மடிந்து கிடக்கலாம். எழுதி வாசித்த பேச்சு என்றால் கையெழுத்துப் பிரதியே கிடைக்கவும் வாய்ப்புண்டு. குரல் போனாலும் பேச்சு மிஞ்சும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். அந்தக் காலத்தில் ஸ்பூல் டேப் விலை அதிகம். ஒரு பேச்சு ஒலிபரப்பானதும் அழித்து அதே டேப்பில் அடுத்ததைப் பதிவார்கள். கச்சேரிகளுக்கும் தலைவர்கள் குரலுக்கும் கிடைத்த இடம் குறுவை பேசிய விவசாயிக்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் இன்றைக்கு ஆய்வாளர்களுக்கு அதிகம் வேண்டியிருப்பது அந்த விவசாயி குரல்தான்.

தேதி கிடைத்ததும் திருச்சி நிலையத் தலைவருக்கு எழுதுங்கள். ‘பதிவு இருக்கிறதா’ என்பதோடு நிறுத்தாமல், அன்றைய நிகழ்ச்சிப் பதிவேடும் பேச்சின் எழுத்துப் பிரதியும் இருக்கின்றனவா என்று தனித்தனியாகக் கேளுங்கள். டில்லியில் உள்ள அகில இந்திய வானொலியின் ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு நகல் போகட்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. இருக்கும் தகவலை ஒலிநாடா வடிவிலும் கேட்டுப் பெற அந்தச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் அதை நீட்டாதீர்கள். நிலையத்து டேப் நூலகத்தில் அலமாரி திறந்து தேட மனசுள்ள ஒருவர்தான் உங்களுக்கு முக்கியம்.

பதிவு கிடைத்தால் வீட்டில் கேட்பதில் சிக்கலில்லை. யூடியூபில் ஏற்றுவதாக இருந்தால் நிலையத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். ஒலிபரப்பு மீதான உரிமை 25 ஆண்டில் முடிந்தாலும், எழுதிய பேச்சுக்கு எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு காப்புரிமை உண்டு. பதிவுக்குத் தனிக் கணக்கு.

பேச்சு பின்னாளில் மறுஒலிபரப்பு ஆகியிருந்தால், அப்போது சொந்தக்காரர் யாராவது கேசட்டில் பிடித்து வைத்திருக்கவும் கூடும். அப்படி ஒன்று அகப்பட்டால் உடனே போட்டுக் கேட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் டேப் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் முதலில் உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் கொடுத்து ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்பாக மாற்றச் சொல்லுங்கள். எம்பி3 வாட்ஸ்அப்பில் அனுப்ப மட்டும்.