ஃபார்மேட் அயனியில் மைனஸ் எந்த ஆக்சிஜன் மேல்?

ஃபார்மிக் அமிலம் ஒரு புரோட்டானை இழந்தால் கிடைப்பது ஃபார்மேட் அயனி (HCOO⁻). அதன் மைனஸ் மின்சுமை ஒன்றின் மேல் மட்டும் இல்லை. இரண்டு ஆக்சிஜனிலும் சரிசமம். நீங்கள் ஒரு ஆக்சிஜனில் மட்டும் போட்ட படம் தப்பில்லை, பாதிதான்.

மின்சுமை இங்கும் அங்கும் தாவுகிறது என்று நினைத்திருப்பீர்கள். பலரும் இங்கேதான் சிக்குகிறார்கள். உடனிசைவில், அதாவது ஒரே அயனியை இரண்டு படங்களால் சேர்த்துக் காட்டும் முறையில், தாவல் கிடையாது. ஆக்சிஜன், கார்பன், ஆக்சிஜன் மூன்றின் மேலும் எலக்ட்ரான் பரவிக் கிடக்கிறது.

பிணைப்பு நீளத்தைப் பாருங்கள், சந்தேகம் தீரும். ஃபார்மிக் அமிலத்தில் கார்பன்-ஆக்சிஜன் நீளம் ஒன்று சுமார் 1.20, மற்றது 1.34 ஆங்ஸ்ட்ராம். புரோட்டான் போனபின் இரண்டுமே ஏறக்குறைய 1.25. மைனஸ் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் இப்படிச் சமமாகாது.

ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் அரை மைனஸ் என்பது தாளில் போடும் கணக்கு. கார்பன் நேர்மின் பக்கம் சாய்வதால், கணினியில் கணித்தால் ஒவ்வொரு ஆக்சிஜனும் பெரும்பாலும் அரைக்கு மேலேயே காட்டும்; முறைக்கு முறை எண் மாறும். அதைப் பார்த்துக் கலங்காதீர்கள்.

ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொட்டியில் உள்ள ஃபார்மேட்டுக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள்; அந்த விஷயம் வேறு. அங்கே தோலைப் பதனிடும் குரோமியத்தோடு ஒரு ஆக்சிஜன் மட்டும் பிணைந்தால் அந்தச் சமம் கெட்டுவிடும். தனி அயனிக்குத்தான் நான் சொன்னது.